புகைபோக்கிக்குள் ஒரு ஃபுட்பால்!

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் தேனிலவு போய் வந்த வாசகர்கள் கவனித்திருக்கலாம். (கவனித்திருக்க மாட்டீர்கள். போன காரியம் அப்படி!) அங்கே இருக்கும் பழைய பங்களாக்களின் கூரை மேல், செங்கல்லில் சதுரமாக ஒரு தூண் நிற்கும். அதன் தலையில் அடி இல்லாத பானைகள் இரண்டைச் செருகி வைத்த மாதிரி இருக்கும். அதற்குப் பெயர் புகைபோக்கி. ஆனால் அதன் வழியாகப் புகை போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் ஊட்டியில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். அவரைத் தொடர்ந்து வந்த வெள்ளைக்காரர்கள், தங்கள் ஊர் குளிரோடு தங்கள் ஊர் வீட்டையும் சேர்த்தே கொண்டு வந்தார்கள். ஹாலுக்கு ஒரு கணப்பு, படுக்கையறைக்கு ஒரு கணப்பு, அத்தனைக்கும் மேலே புகைபோக்கி. பிறகு அவர்கள் போனார்கள், கணப்புகள் நின்றன. நம்மவர்கள் லேசுப்பட்டவர்களா? கணப்புக்குள் செருப்பு அடுக்கினோம். கொலு பொம்மைப் பெட்டியை வைத்தோம். கணப்பு மேடையில் டி.வி. வைத்தோம்.

இப்போது அந்தக் கணப்புகளுக்கு மறுபடியும் மவுசு. கரண்ட் ஹீட்டர் போட்டால் மீட்டர் பம்பரமாகச் சுற்றுகிறது. அதனால் மலை வீடுகளில் விறகு ஸ்டவ் வாங்கி வைக்கிறார்கள். ஸ்டவ் என்றதும் பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ் ஞாபகத்துக்கு வந்தால் உங்கள் வயது தெரிந்துவிடும்! இது வேறு. வார்ப்பிரும்பில் பீரோ மாதிரி ஒரு பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு. காற்று எவ்வளவு உள்ளே போகலாம் என்று கூட்டிக் குறைக்க ஒரு தள்ளு கம்பி. பின்னாலோ மேலோ ஆறு அங்குலக் குழாய்.

திறந்த கணப்பில் விறகு எரித்தால், சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு அறைக்குக் கிடைத்தால் பெரிய விஷயம். மிச்சமெல்லாம் புகையோடு ஆகாயத்துக்கு! அது மட்டுமா, எரிகிற நெருப்பு அறையில் இருக்கும் சூடான காற்றையும் சேர்த்து உறிஞ்சி மேலே அனுப்பிவிடும். மூடிய ஸ்டவ்வோ அதே விறகில் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கைக் கொடுத்துவிடும். கணக்குப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு நல்ல லாப விகிதம் ஷேர் மார்க்கெட்டில்கூடக் கிடையாது.

ஆனால் பாலன்ஸ் ஷீட்டில் காட்டாத செலவு ஒன்று இருக்கிறது. அது சுவருக்குள் இருக்கிறது.

* * *

என் அக்காவைக் குன்னூரில் கொடுத்திருக்கிறது. மாமா பேங்க்கில் வேலை. வீடு அவருடைய அப்பா காலத்தில் வாங்கிய பழைய பங்களா. வீட்டில் அக்காவின் மாமியார் இருக்கிறார். எனக்கு அத்தை. எழுபத்தெட்டு வயது. டிசம்பர் வந்துவிட்டால் அத்தைக்கு ஒரு பழக்கம்: ராத்திரி ஒரு இரும்புச் சட்டியில் கரியைக் கனிய வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கதவை எல்லாம் இறுக்கிச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டு படுப்பது.

"புகையே இல்லையேடா தம்பி, தணல்தானே?" என்பார்.

அந்தப் 'புகையே இல்லை'தான் எமன். கரித்தணலிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் தூக்கம்... அப்புறம் விழிப்பே கிடையாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்கு அறைக்குள் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்று பேப்பரில் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்!

அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய் மாமியார் அறைக் கதவைத் தட்டுவாளாம். உள்ளேயிருந்து திட்டு விழுந்தால் நிம்மதியாக வந்து படுத்துக்கொள்வாளாம். மாமியார் திட்டினால் சந்தோஷப்பட்ட ஒரே மருமகள் தமிழ்நாட்டிலேயே இவளாகத்தான் இருக்கும்!

கடைசியில் மாமா விறகு ஸ்டவ் ஒன்றை வாங்கிப் போட்டார். ஹாலில் ஸ்டவ் எரிந்தால் பக்கத்து அறையில் இருக்கிற அத்தைக்கும் கதகதப்பு கிடைக்கும், கரிச்சட்டியை ஒழித்துவிடலாம் என்பது திட்டம். நான் லீவுக்குப் போயிருந்தேன்.

"முக்கால் மணி நேர வேலை மாப்ளே. கணப்புக்குள்ள ஸ்டவ்வ வெச்சு, குழாயப் புகைபோக்கிக்குள்ள ரெண்டடி சொருகிட்டா முடிஞ்சுது. மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் நெருப்பு!" என்றார் மாமா.

பிரியாணி மட்டும் திட்டப்படி நடந்தது.

* * *

சுவர் வேலைக்கு என்று மாமா கூப்பிட்டிருந்த மேஸ்திரிக்கு வயசு எழுபதுக்குப் பக்கம். தலையில் கம்பளிக் குல்லா, வாயில் வெற்றிலை. எஸ்டேட் பங்களாக்களில் கணப்பு வேலை பார்த்த கை. ஸ்டவ்வைச் சுற்றி வந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு கணப்புக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தார்.

"சார், பொண்ணு நல்ல பொண்ணுதான். குடும்பம் எப்படின்னு பாத்தீங்களா?"

மாமா முழித்தார்.

"அடுப்பு பொண்ணு மாதிரி. புகைபோக்கிதான் குடும்பம். குடும்பம் சரியில்லாத எடத்துல எவ்வளவு நல்ல பொண்ணக் கொண்டாந்து வெச்சாலும் வீட்டுக்குள்ள ஒரே புகைச்சல்தான்!"

மேஸ்திரி சொன்னதில் இருக்கும் விஞ்ஞானம் எளிமையானது. புகையை மேலே தள்ளுவதற்கு மோட்டார் எதுவும் கிடையாது. கடல் மட்டத்தில் இருபது டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ எடை. அதையே 300 டிகிரிக்குக் காய்ச்சினால் எடை பாதியாகிவிடும். எடை குறைந்தது மேலே மிதக்கும். அந்த இடத்தைப் பிடிக்கக் கீழேயிருந்து காற்று ஓடி வரும். இந்த இழுப்புதான் புகைபோக்கியின் உயிர். குழாய் உயரமாக இருக்கணும், உள்ளே சூடு இருக்கணும், வழியில் ஓட்டை இருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று கெட்டாலும் புகை மேலே போக யோசிக்கும். யோசிக்கிற புகை நேராக நம் மூக்குக்குத்தான் வரும்.

திறந்த கணப்பின் புகை குறைவான சூட்டோடு, அறைக்காற்று நிறையக் கலந்து, அகலமான வழியில் தாராளமாகப் போகும். ஸ்டவ்வின் புகை அப்படியில்லை. அது அளவில் குறைவு. அதை அந்தப் பெரிய வழிக்குள் விட்டால், பத்துப் பேர் குடும்பம் இருந்த பங்களாவில் பிரம்மச்சாரி குடியிருப்பது போல! குளிர்ந்து போய், சுவரில் ஒட்டி, தாராகப் படியும். கிரியோசோட் என்று பெயர். அது சாதாரணக் கரி இல்லை, எரிபொருள். ஒருநாள் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள்ளேயே ஆயிரம் டிகிரிக்கு எரியும். பழைய சுவர் வெடிக்கும். பக்கத்தில் கூரை மரம் இருந்தால் வீடே போகும்.

* * *

முதல் நாள் சுத்தம். மேஸ்திரியின் பையன் கூரை மேல் ஏறி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, நீளக் கழியில் மாட்டிய கம்பி பிரஷ்ஷை உள்ளே விட்டான். கீழே கணப்பு வாயைச் சாக்குப் படுதாவால் மூடியிருந்தோம். வந்து விழுந்த சொத்து விவரம்: மூன்று பக்கெட் கரி, ஒரு பக்கெட் மைனாக் கூட்டுக் குச்சி, உதிர்ந்த சுண்ணாம்புக் காரை, ஒரு டென்னிஸ் பந்து, கால் செங்கல் நாலு.

கரியைக் கையால் அள்ளப் போனேன். மேஸ்திரி அதட்டினார். "தம்பி, கையில துணி சுத்து. மூக்கக் கட்டு. இது வெஷம்."

உண்மைதான். 1775-ல் லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் காரணம் இந்தக் கரிதான் என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று உலகத்துக்கு முதலில் தெரிந்தது அப்போதுதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிரஷ் விடவில்லை சார், பையன்களை விட்டார்கள்! குழாய் குறுகல் என்பதால் ஏழைக் குழந்தைகளை உள்ளே ஏறவிட்டுச் சுரண்டச் சொன்னார்கள். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது என்று 1788-ல் ஒரு சட்டம். 21 வயதுக்குக் குறைந்தவர் யாரும் ஏறவே கூடாது என்று 1840-ல் இன்னொரு சட்டம். இரண்டையும் யாரும் மதிக்கவில்லை. 1875-ல் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் புகைபோக்கிக்குள் சிக்கிச் செத்த பிறகுதான் சட்டத்துக்குப் பல் முளைத்தது. நம் மலையில் நிற்கிற பங்களாக்களில் பல, அந்தப் பையன்கள் அங்கே ஏறிக்கொண்டிருந்த காலத்தில் கட்டியவை.

சுத்தம் முடிந்ததும் மாமா தன் செல்போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, கயிறு கட்டி மேலேயிருந்து இறக்கச் சொன்னார். (போனை இறக்கும்போது மாமாவின் முகத்தைத்தான் வீடியோ எடுத்திருக்க வேண்டும்!) படத்தில் தெரிந்தது: பாதி உயரத்தில் ஒரு வளைவு. அதற்கு மேலே செங்கல் இடுக்கில் காரையே இல்லை. விறகுப் புகையில் இருக்கும் நீராவியும் அமிலமும் சேர்ந்து சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம்.

"பரவால்லய்யா, செவுருதான் முக்கால் அடி கனம் இருக்கே" என்றார் மாமா.

"பொகை விட்டுப் பாத்துருவோம் சார்" என்றார் மேஸ்திரி.

* * *

இதுதான் இந்த விஷயத்தில் முக்கியமான கட்டம். கணப்பில் ஒரு தகரத்தட்டில் கொஞ்சம் தணல் போட்டு, ஈர வைக்கோலை வைத்தார்கள். புகை மேலே வந்ததும், கூரையில் இருந்த பையன் புகைபோக்கியின் வாயை ஈரச் சாக்கால் அடைத்தான். கீழே கணப்பு வாயையும் பலகை வைத்து மூடினார்கள். இப்போது புகை பெட்டிக்குள் மாட்டிய பூனை. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே தலையை நீட்டும்.

"ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ரூம்ல போயி நில்லுங்க" என்றார் மேஸ்திரி.

நான் மாடியில் நின்றேன். ஒன்றுமில்லை. மாமா வெளியே நின்றார். செங்கல் இடுக்கில் லேசாகக் கசிவு. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அக்காவின் குரல் கேட்டது. கத்தவில்லை. ரொம்ப மெதுவாகக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க..."

அத்தையின் அறை. சுவரோரம் மர பீரோ. அதற்குப் பின்னாலிருந்து வெள்ளையாகப் புகை ஊர்ந்து வந்து கட்டில் மேல் படிந்துகொண்டிருந்தது. பீரோவை நகர்த்தினால் ப்ளைவுட் பலகை. பலகைக்குப் பின்னால் இன்னொரு கணப்பு! ஹாலுக்கும் இந்த அறைக்கும் முதுகோடு முதுகாக இரண்டு கணப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புகைவழி. நடுவில் அரைச் செங்கல் கனத்தில் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பில்தான் காரை போயிருந்தது.

மாமா கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். முக்கால் மணி நேர வேலையை முடித்திருந்தால், ராத்திரி பூரா ஸ்டவ் எரிந்து, அது விடுகிற புகையும் கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுவும் இந்தக் கட்டிலுக்குத்தான் வந்திருக்கும். கரிச்சட்டியை எடுத்துவிட்ட நிம்மதியில், அன்றைக்கு முதல் முறையாக அக்காவும் ராத்திரி எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்க மாட்டாள்.

யாரும் எதுவும் பேசவில்லை. அத்தைதான் பேசினார்: "என்னடா எல்லாரும் என் கட்டிலையே பாக்கறீங்க? எனக்கு இன்னும் நாள் இருக்கு. போயி வேலையப் பாருங்க."

* * *

அதற்கப்புறம் மாமா செலவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

புகைவழியின் உள் அளவு 9 அங்குலத்துக்கு 14. பெருக்கினால் 126 சதுர அங்குலம். ஸ்டவ் குழாய் ஆறு அங்குல வட்டம். பரப்பு 28 சதுர அங்குலம். ஸ்டவ் குழாயின் பரப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் புகைவழி இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. வெளிச்சுவரில் இருக்கும் புகைபோக்கி என்றால் இரண்டு மடங்குதான். இங்கே நாலரை மடங்கு! ஆகவே, ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது. வழி முழுக்க, ஸ்டவ்விலிருந்து உச்சி வரைக்கும், உள்ளுக்குள்ளேயே ஆறு அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒன்றை இறக்க வேண்டும்.

வளைவு இருப்பதால் நேர் குழாய் இறங்காது. வளைந்து கொடுக்கும் குழாய் வேண்டும். அதைக் கோவையில் சொல்லி வரவழைத்தோம். பாத்திரக்கடை எவர்சில்வரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 304 என்று ஒரு ரகம், 316 என்று ஒரு ரகம். அமிலத்தை அதிகம் தாங்குவது 316.

குழாய் வளைவில் சிக்கிக்கொண்டால்? இங்கேதான் தலைப்புக்கு வந்து சேர்கிறோம். அக்கா பையனின் சின்ன ஃபுட்பால், குறுக்களவு ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அதை வெங்காயம் வாங்கிய வலைப்பையில் போட்டு, அடியில் ஒரு படிக்கல்லைக் கட்டி, மேலேயிருந்து கயிற்றில் இறக்கினார் மேஸ்திரி. ஃபுட்பால் போனால் குழாயும் போகும். வளைவில் ஒரு இடத்தில் நின்றது. துருத்திக்கொண்டிருந்த செங்கல் ஒன்றைக் கடப்பாரையால் தட்டினார். மறுபடி இறக்கினார். பந்து கணப்புக்குள் தொம்மென்று வந்து விழுந்ததும் பையன் "கோல்!" என்று கத்தினான். அத்தைகூடச் சிரித்தார்.

குழாயைச் சுற்றிச் செராமிக் கம்பளி. இது புகைக்கு ஸ்வெட்டர்! சூடு குறையாமல் இருந்தால்தான் இழுப்பு இருக்கும், தாரும் படியாது. கணப்பின் தொண்டையில், குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி இரும்புத் தகடு வைத்து அடைத்தார்கள். இல்லாவிட்டால் அறைச் சூடெல்லாம் குழாயைச் சுற்றிய சந்து வழியாக ஏறிப் போய்விடும். அத்தை அறைக் கணப்பைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியாயிற்று. வெளியே காரை போன இடத்தில் சுண்ணாம்புக் கலவைதான் பூசினார் மேஸ்திரி. "பழைய செங்கலுக்கு சிமென்ட் ஒத்துக்காது சார். அது கல்லு மாதிரி விறைச்சுக்கும், செங்கல் சூட்டுல விரியும், கடைசில செங்கல்தான் ஒடையும்" என்றார்.

உச்சியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குழாயின் வாய், கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி உயரம் இருக்கணும். பத்தடி சுற்றளவுக்குள் இருக்கும் எதையும்விட இரண்டடி உயரமாகவும் இருக்கணும். மாமா பின்னால் கட்டிய மாடி அறை எட்டடி தள்ளி நின்றது, புகைபோக்கியைவிட உயரமாக! காற்று அதில் மோதிக் கீழே திரும்பினால் புகையும் திரும்பும். அதனால் குழாயைக் கூடுதலாக ஏற்றி, மழைக்கு ஒரு தொப்பி, மைனாவுக்கு ஒரு வலை போட்டார்கள். வாடகை தராமல் குடியிருந்தவர்கள் காலி!

* * *

எல்லாம் முடிந்து மறுபடி புகை சோதனை. அக்கா பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு இழைகூட வரவில்லை. அதன் பிறகுதான் ஸ்டவ்வில் நெருப்பு வைக்க மாமாவுக்கு அனுமதி கிடைத்தது. முதல் மூன்று நாள் சின்னச் சின்ன நெருப்புதான். புது இரும்பும் பெயின்ட்டும் பழக வேண்டும். பெயின்ட் வாசனை போகும் வரை ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தோம்.

அத்தை அறையில் ஒன்று, ஹாலில் ஒன்று என்று கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டினார் மாமா. உள்ளங்கை அளவுதான். மூக்கால் கண்டுபிடிக்க முடியாததை அது கண்டுபிடித்துக் கத்தும். மொத்தச் செலவில் ரொம்பச் சின்னத் தொகை அதுதான். லைனர் குழாய்ச் செலவு ஸ்டவ்வின் விலையையே எட்டிப் பிடித்தது.

கணக்கை முடித்து மேஸ்திரிக்குப் பணம் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "வருஷத்துக்கு ஒரு தடவ, மழை முடிஞ்சு குளிரு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பிரஷ்ஷு வுட்டே ஆவணும் சார். நான் இல்லாட்டியும் பையன் வருவான்." பிறகு அத்தையைப் பார்த்து, "அம்மா, அந்தக் கரிச்சட்டிய எனக்குக் குடுத்துருங்க" என்றார்.

அத்தை கொஞ்சம் யோசித்தார். "குடுத்தா நீ அத ரூம்ல வெச்சுட்டுப் படுப்பே" என்றார். சட்டி இப்போது வாசலில் இருக்கிறது. அதில் ஜெரேனியம் பூத்திருக்கிறது.

மலையில் வீடு வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்கு...

* விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர். ஒரு கிலோ விறகைப் போட்டால், நீங்கள் முதலில் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்கள் என்று அர்த்தம்! பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஒரு வருஷம் அடுக்கி வையுங்கள். ஒரு துண்டைக் குறித்து வைத்து வாரா வாரம் தராசில் போடுங்கள். எடை குறைவது நின்றால், காய்ந்தது.

* சீகையோ கற்பூர மரமோ, உங்கள் தோட்டத்து மரமானாலும் கோடரியை எடுத்துவிடாதீர்கள். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதி வாங்க வேண்டும்.

* பெயின்ட் அடித்த பலகை, ப்ளைவுட், பிளாஸ்டிக் எதையும் ஸ்டவ்வில் போடாதீர்கள். அது குப்பைத்தொட்டி அல்ல.

* தர முத்திரையும் தூர அளவும் குறிப்பிடாத ஸ்டவ் என்றால், மரச்சுவர், சோபா, திரைச்சீலை எல்லாம் மூன்றடி தள்ளி இருக்கட்டும்.

* நெருப்பு எரிய அறைக்குள் புதுக்காற்று வரவேண்டும். எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டு, சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டால், அது புகைபோக்கி வழியாகவே காற்றை இழுக்கும். கூடவே புகையையும்!

* ராத்திரி முழுக்கக் கனியட்டும் என்று காற்றுக் கம்பியை ஒரேயடியாக மூடாதீர்கள். தாரும் விஷ வாயுவும் அதிகம் பிறப்பது அப்போதுதான்.

* புகை சோதனை செய்யாமல் எந்தப் பழைய புகைபோக்கியையும் நம்பாதீர்கள். சோதனையின்போது தூங்கும் அறையில் ஒருவர் கட்டாயம் நிற்கட்டும்.